அறையா, அரையா?

விளம்பரத்தில் இரண்டரை, வீட்டுக்காரர் வாயில் மூன்று, வங்கி மதிப்பீட்டில் இரண்டு. ஒரே வீட்டின் அறைகளை எண்ணுவதில் இவ்வளவு வேறுபாடு ஏன்? அதற்கு விலை கொடுப்பது யார்?

சென்னை மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடி. வீட்டுக் கடனுக்காக வங்கி அனுப்பிய இன்ஜினியர் லேசர் மீட்டரைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கிறார். சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரில் போய் நிற்கிறது. 8 அடி. குறுக்கே 6 அடி 10 அங்குலம். உள்ளே ஒரு ஒற்றைக் கட்டில், மடக்கு மேசை, சுவரில் வாய்ப்பாடு, வேதியியல் தனிம அட்டவணை. ஜன்னல் இரண்டுக்கு இரண்டு. அதுவும் குழாய்கள் இறங்கும் டக்ட்டைப் பார்த்தபடி இருக்கிறது. இன்ஜினியர் கையிலிருக்கும் அப்ரூவ்டு ப்ளானைப் புரட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் ‘ஸ்டோர்’ என்று எழுதுகிறார்.

வீட்டை விற்கும் அம்மாவுக்கு முகம் மாறிவிடுகிறது. “சார், என் பையன் பத்தாவது, பன்னண்டாவது ரெண்டுமே இந்த ரூம்லதான் படிச்சான். இங்கேதான் தூங்கினான். இதைப் போய் ஸ்டோர்னு எழுதுறீங்களே?”

“மேடம், நீங்க எப்படி யூஸ் பண்றீங்கன்னு நான் எழுத முடியாது. ப்ளான்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும்.”

வாங்க வந்தவர் ஓரமாக நின்று கைப்பேசியில் கணக்குப் போட ஆரம்பிக்கிறார். ‘2.5 பி.எச்.கே.’ என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரில் வீடு வாங்கினாலும் இந்தப் பேச்சு இப்போது தவறாமல் எழுகிறது. புத்தகங்களும் பாத்திரங்களும் போட்டு வைக்கும் மூலை, கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததும் ‘ஸ்டடி ரூம்’ ஆயிற்று. பிறகு அதற்கே ஒரு விலையும் வந்தது.

ஆளுக்கொரு அளவுகோல்

முதலில் ஒரு விஷயம். ‘பி.எச்.கே.’ (பெட்ரூம், ஹால், கிச்சன்) என்ற மூன்றெழுத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2016-ல் வந்து, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம் வீட்டைப் பரப்பால் அளக்கிறது. கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட், பால்கனி, வராந்தா, திறந்த மொட்டை மாடி ஆகியவை நீங்கலாக, உட்சுவர்களைச் சேர்த்துக் கணக்கிடும் பரப்பு அது. அந்தப் பரப்புக்குள் எத்தனை படுக்கையறை என்பதை விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் நம்புகிறார்.

எது அறை என்று சொல்லும் ஆவணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது, இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 1970-ல் முதலில் வந்து, கடைசியாக 2016-ல் விரிவாகத் திருத்தப்பட்ட நூல். படிக்க, உறங்க, உண்ண, குடும்பம் புழங்க என்று அமைக்கப்படும் இடமே வாழும் அறை. குளியலறை, கழிப்பறை, ஸ்டோர், நடைபாதை, பரண் இதில் சேராது என்கிறது அது. ஒரே அறை உள்ள வீடானால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு அறை என்றால் ஒன்று 9.5, மற்றது குறைந்தது 7.5 சதுர மீட்டர். கூரை உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி.

இந்தத் தொகுப்பு ஒரு பரிந்துரைதான். மாநில விதிகள் எதை எடுத்துக்கொள்கின்றனவோ அதற்கே கட்டாய வலு உண்டு. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படிதான் வரைபட அனுமதி தரப்படுகிறது. ஆனாலும் ஒரு இடத்தில் மனிதர் வாழலாமா என்று எடைபோட, நாட்டில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இந்தத் தொகுப்புதான்.

நம் ஊர்ப் பேச்சில் அறை என்றாலே ‘பத்துக்குப் பத்து’. 100 சதுர அடி. 9.5 சதுர மீட்டர் என்பது சுமார் 102 சதுர அடி. நாம் பெருமையாகச் சொல்லும் பத்துக்குப் பத்தே அந்த அளவை நூலிழையில் தவறவிடுகிறது. மேடவாக்கத்துச் சிற்றறை 55 சதுர அடிகூட வராது. இரண்டாம் அறைக்கான 81 சதுர அடிக்கும் அது வெகு தூரத்தில் நிற்கிறது.

அதே அறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முழு அறையாகத் தேறிவிடும்!

■ பெட்டி 1: ஒரே அறை, வேறு வேறு பதில்

8 அடிக்கு 6 அடி 10 அங்குலம் உள்ள சிற்றறை எங்கே எப்படி எண்ணப்படும்?

விளம்பரம்: ‘ஸ்டடி’ அல்லது ‘அரை பெட்ரூம்’.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: வாழும் அறை. சுவர், வாசல், கூரை இருந்து, நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 2 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஒருவர் படுத்து உறங்கும் அளவு இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு: வாழும் அறைக்கான பரப்பு இல்லை.

வங்கி மதிப்பீடு: அனுமதி வரைபடத்தில் என்ன பெயரோ, அதுவே.

கணக்கெடுப்பின் அளவுகோலைக் குறை சொல்ல முடியாது. இருக்கும் நிலையை அப்படியே பதிவுசெய்வது அதன் வேலை. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் 37.1 சதவிகிதக் குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. தனக்கென்று ஒரு அறைகூட இல்லாத குடும்பங்கள் 3.9 சதவிகிதம். இந்த மக்களைக் கணக்கில் கொண்டுவர வேண்டுமானால் அளவுகோலைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும். ஆனால் வறுமையை எண்ணுவதற்காகத் தாழ்த்தி வைத்த அளவைவிடச் சற்றே பெரிய ஓர் இடத்தை, லட்சக்கணக்கில் விலை வைத்து ‘அறை’ என்று விற்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

கடனில் விழும் துண்டு

மதிப்பீட்டாளர் அறையை எண்ணி விலை போடுவதில்லை. பரப்பை அளந்து, அந்தப் பகுதியில் அதே மாதிரியான வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, சதுர அடிக்கு ஒரு மதிப்பு வைக்கிறார். கட்டடத்தின் வயது, யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அனுமதி வரைபடம் ஆகியவற்றையும் பார்க்கிறார். அனுமதி பெற்ற பரப்பு, நேரில் உள்ள பரப்பு இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்வது வங்கிகளில் பரவலான வழக்கம். இதில் ‘அரை பெட்ரூம்’ இரண்டு விதமாக அடிபடுகிறது. விற்பவர் மூன்று அறை வீட்டோடு ஒப்பிட்டு விலை சொல்கிறார். மதிப்பீட்டாளர் இரண்டு அறை வீட்டோடு ஒப்பிடுகிறார். அந்த அரை அறை அனுமதி இல்லாமல் சேர்த்ததாக இருந்தால், அதன் பரப்பே கணக்கிலிருந்து போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேசிய விலை 72 லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்தின் மதிப்பில் அதிகபட்சம் 80 சதவிகிதம் தரலாம். 72 லட்சத்துக்கு 57 லட்சத்து 60 ஆயிரம் கிடைக்கும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கிறார். மதிப்பீடு 66 லட்சம் என்று வருகிறது. வங்கி குறைந்த தொகையைத்தான் எடுத்துக்கொள்ளும். கடன் 52 லட்சத்து 80 ஆயிரம். கையிலிருந்து போட வேண்டிய பணம் 14 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 19 லட்சத்து 20 ஆயிரமாக ஏறிவிடுகிறது. 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதற்கு வெளியே. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு இந்தச் செலவுகளைச் சொத்து மதிப்போடு சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதி இல்லை.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அக்ரிமென்ட் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்வாங்கினால் கொடுத்த பணம் போகும். அப்போது நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்? மனைவியின் நகை அடகுக்குப் போகும். கிடைக்கும் இடத்தில் தனிநபர் கடன் வாங்குவார்கள். 20 வருடத்தில் அடைக்க வேண்டிய வீட்டுக் கடனோடு, நாலைந்து வருடத்தில் அதிக வட்டியுடன் கட்டியாக வேண்டிய இன்னொரு கடனும் தலையில் ஏறும். ஒரு ஸ்டோர் ரூமுக்கு ‘ஸ்டடி’ என்று பெயர் வைத்ததில் வந்த சுமை இது.

மதிப்பீட்டாளர் மேல் கோபப்படுவது எளிது. பெரும்பாலும் அந்தக் கோபம் நியாயமில்லை. கடன் வாராக்கடன் ஆனால் அந்த வீட்டை ஏலத்தில் விற்க வேண்டிவரும்; வரைபடத்தில் இல்லாத அறைக்கு ஏலத்தில் யாரும் காசு தரமாட்டார்கள். வங்கிக்கு அதைச் சொல்வதுதான் அவர் வேலை. ஆனால் அவர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. அறிக்கைப் படிவம் வங்கிக்கு வங்கி மாறுகிறது. ஒருவர் ‘ஸ்டடி’ என்று எழுதுவதை இன்னொருவர் ‘பெட்ரூம்’ என்று எழுதுகிறார். ஒரே வீடு இரண்டு வங்கிகளில் இரண்டு விதமாக எண்ணப்படும்போது, வாங்குபவர் யாரை நம்புவார்?

உள்ளே இழுக்கப்பட்ட பால்கனி

அரை அறை பிறக்கும் வழிகளில் அதிகம் பார்க்க முடிவது இது. ஹாலை ஒட்டிய பால்கனியின் கைப்பிடிச் சுவருக்கு மேல் யு.பி.வி.சி. ஜன்னல், கீழே டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங், ஒரு ஸ்பிலிட் ஏ.சி. ஒரு வாரத்தில் அறை தயார். சில இடங்களில் கட்டுநரே ‘இதை க்ளோஸ் பண்ணிக்கலாம் சார்’ என்று சொல்லி விற்கிறார். கார்ப்பெட் ஏரியாவில் பால்கனி சேராது என்று சட்டமே சொல்லியிருக்கிறது. அனுமதி வரைபடத்தில் அது திறந்தவெளி. அதை மூடியதும் விதிமீறல் என்ற குறிப்பு மதிப்பீட்டு அறிக்கையில் ஏறுகிறது. சில வங்கிகள் அந்தப் பரப்பைக் கழித்துவிட்டுக் கடன் தரும். சில வங்கிகள் பழையபடி திறந்துவிட்டு வரச் சொல்லும்.

பணத்தை ஒரு பக்கம் வைப்போம். அந்த பால்கனி வழியாகத்தான் ஹாலுக்குக் காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு அறை சேர்ந்ததில் இன்னொரு அறை இருட்டாகிவிட்டது. பால்கனியை மூடுவதற்கு முன் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

தனி வீடுகளில் இதே கதை மொட்டை மாடியில் நடக்கிறது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு அறை, மேலே தகர ஷீட், ஒரு கழிப்பறை. வேலை தேடி வந்த இரண்டு மூன்று இளைஞர்களுக்கு வாடகைக்குப் போய்விடும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இடம் கிடைக்காத தலைமுறைக்கு நகரம் கொடுத்த புகலிடம் அது. அந்த வாடகை வீட்டுக்காரருக்கு மாதா மாதம் வருகிறது. வீட்டை விற்கும்போது, வரைபடத்தில் இல்லாத அந்த அறைக்கு மதிப்பீட்டில் இடமில்லை.

யார் தூங்குகிறார்கள் அங்கே?

இந்தக் கட்டுரைக்குக் காரணமே இந்தக் கேள்விதான். பெரிய அறை தம்பதிக்கு. இரண்டாவது, பிள்ளைகளுக்கு. மிஞ்சும் சிற்றறை ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டிக்கு, அல்லது வீட்டோடு இருந்து வேலை செய்யும் பெண்ணுக்கு. தனக்கு எதுவும் வேண்டும் என்று வாய்திறந்து கேட்காதவர்களுக்கே அந்த இடம் ஒதுக்கப்படுகிறது.

காற்றோட்ட விஷயத்தில் கட்டட விதித்தொகுப்பு கறாராக இருக்கிறது. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில், ஜன்னல் போன்ற திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. சென்னையின் புழுக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மேடவாக்கத்து அறைக்கு இந்தக் கணக்குப்படி 9 சதுர அடி ஜன்னல் வேண்டும். இருப்பது 4. வாழும் அறையின் ஜன்னல் திறந்தவெளியையோ, திறந்தவெளியை ஒட்டிய வராந்தாவையோ பார்த்திருக்க வேண்டும் என்பதும் அந்தத் தொகுப்பின் எதிர்பார்ப்பு. குளியலறைக் காற்று வெளியேறும் டக்ட்டைப் பார்த்த ஜன்னல் இதற்கு ஈடாகாது.

மே மாதத்தில் ஒருநாள் மின்சாரம் போனால் தெரியும். ஹாலில் இருப்பவர்கள் பால்கனிக்கு வந்துவிடுவார்கள். முழங்கால் வலியோடு சிற்றறையில் படுத்திருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாவுக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஏ.சி. இருக்கிறதே என்பார்கள். மின்சாரம் இருக்கும்போதும் சாதாரண ஸ்பிலிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

நம் பழைய வீடுகளிலும் அறைகள் குறைவுதான். கூடம், தாழ்வாரம், முற்றம், திண்ணை எல்லாம் இருந்து, கதவு வைத்த அறை ஒன்றோ இரண்டோ இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களின் குடும்பங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. அங்கே சாமான்கள் இருக்கும், ஆட்கள் புழங்குவது வளவிலும் பட்டாலையிலும். அறை சிறிதாக இருந்தாலும் வெளியே வந்தால் வானம் தெரியும். இன்றைய ஃப்ளாட்டில் அறையை விட்டு வெளியே வந்தால் இன்னொரு அறைதான் இருக்கிறது. எனவே, ‘அந்தக் காலத்தில் நாங்கள் இல்லையா’ என்ற சமாதானம் இங்கே பொருந்தாது.

■ பெட்டி 2: மற்ற நாடுகளில்

அமெரிக்கா: பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதிப்படி, வாழும் அறை குறைந்தது 70 சதுர அடி, எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையக் கூடாது. உறங்கும் அறையில் தீப்பிடித்தால் தப்பிக்க வெளியே திறக்கும் ஜன்னலோ கதவோ கட்டாயம். வீட்டுக் கடன் சந்தையின் பெரிய நிறுவனமான ஃபேன்னி மே 2022 ஏப்ரல் முதல் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரே அளவீட்டுத் தரத்தைக் கட்டாயமாக்கியது. தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறை எவ்வளவு அழகாக இருந்தாலும், மேல்தளப் பரப்போடு சேர்த்து எண்ண முடியாது.

இங்கிலாந்து: பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும், உரிமம் தேவைப்படும் வாடகை வீடுகளில், 10 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவருக்கு 10.22. இது 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது.

பத்து வருடம் கழித்து

புது வீட்டு மகிழ்ச்சியில் யாரும் மறுவிற்பனையை நினைப்பதில்லை. கட்டடத்துக்கு வயதாக ஆக அதன் மதிப்பு தேயும், நிலத்தின் மதிப்பு நிற்கும். ஃப்ளாட்டில் நிலம் என்றால் யு.டி.எஸ். தடுப்பு வைத்தோ பால்கனியை மூடியோ எத்தனை அறை கூட்டினாலும் யு.டி.எஸ். ஒரு சதுர அடிகூட அதிகரிக்காது. நாற்பது வருடம் ஆன குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது, யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு யு.டி.எஸ். பத்திரத்தை வைத்துத்தான் தொடங்கும். அங்கே அரை அறையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஓர் இடத்துக்கு வேறு பெயர் வைத்து விற்பதற்கு நீதிமன்றம் கடிவாளம் போட்ட முன்னுதாரணமும் உண்டு. மும்பை குடியிருப்பு வழக்கு ஒன்றில் 2010-ல் உச்ச நீதிமன்றம், தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங் இடத்தை ‘கராஜ்’ என்று சொல்லிக் கட்டுநர் தனியாக விற்க முடியாது; அது குடியிருப்போரின் பொது இடம் என்று தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. என்றாலும், ஓர் இடம் என்னவென்று முடிவுசெய்வது விற்பவர் வைக்கும் பெயரல்ல என்பதை அந்த வழக்கு நாடு முழுவதும் உணர்த்தியது. அறைக்கும் அதே தெளிவு வர வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகும் ஒவ்வொரு திட்டத்திலும், விற்பனை ஒப்பந்தத்தோடு அறைவாரி அட்டவணை ஒன்று இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு அறையின் உள்ளளவு, ஜன்னலின் பரப்பு, அது எதைப் பார்த்துத் திறக்கிறது, அனுமதி வரைபடத்தில் அதன் பெயர் என்ன – நான்கு பத்திகள் போதும். வாழும் அறைக்கான அளவு இல்லாத இடத்தை விளம்பரத்தில் படுக்கையறைக் கணக்கில் சேர்க்கத் தடை வேண்டும், அரை என்று போட்டாலும் சரி. வங்கிகள் தங்கள் மதிப்பீட்டாளர்களுக்கு இதே அட்டவணையைக் கொடுத்துவிட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டு எண்ணிக்கை வராது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது சில உண்டு. வீடு பார்க்கப் போகும்போது ஒரு டேப் எடுத்துச் செல்லுங்கள். முன்பதிவின்போதே அனுமதி பெற்ற வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். அதைக் காட்டுவது கட்டுநரின் சட்டக் கடமை. பதிவுசெய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் வாங்க அவருக்கு உரிமை இல்லை. பழைய வீடு வாங்குவதானால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வங்கி மதிப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், மதிப்பீடு குறைந்து கடன் குறைந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கட்டுநர் தந்த ப்ரோஷரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளம்பரத்திலோ ப்ரோஷரிலோ மாதிரி வீட்டிலோ காட்டியதை நம்பிப் பணம் கட்டியவருக்கு, அந்தத் தகவல் பொய்யானதால் நஷ்டம் ஏற்பட்டால் கட்டுநர் ஈடு தர வேண்டும்; வேண்டாம் என்று விலகினால் கட்டிய முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு. ‘2.5 பி.எச்.கே.’ என்று அச்சடித்த அந்தப் பளபளப்புத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.